சுவரில் நிற்காத வட்டம்

கோவில்பட்டித் தெருவில் வெயிலை வைத்து ஒரு கலைக்காட்சி அமைத்தேன். பெரிய குழிந்த கண்ணாடியைக் கம்பத்தில் கட்டி, எதிர்ச்சுவரில் விழுந்த சுடும் ஒளிவட்டத்தைப் பார்த்துப் பூரித்தேன். வெயில் நகரும் என்பது நிழல் தேடும் ஆட்டுக்கும் தெரியும், எனக்குத் தோன்றவில்லை.

மதியம் அந்த வட்டம் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் முற்றத்தில் இறங்கி, மருந்து முக்கிக் காயவைத்த தீக்குச்சிகளை நோக்கி ஊர்ந்தது. உள்ளே பெண்கள் வேலையில் இருந்தார்கள். ஏணியில் ஏறினேன். இறுகிய முடிச்சு அவிழவே இல்லை. அதற்குள் ஒரு அக்கா ஓடிவந்து, ஒளிக்கு முதுகைக் கொடுத்துக் குச்சிகளை மறைத்து நின்றார்.

"அண்ணாச்சி, வெரசா இறக்குங்க! முதுகு பொசுங்குது!"

ஒருவழியாக இறக்கினேன்.

"கட்டுததுக்கு முன்னால எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?" என்றார்.

அவர் திரும்பி நடந்தபோது பார்த்தேன். நான் சுவரில் காட்டிய அதே வட்டம் அவர் சேலையில் கருகியிருந்தது.