டோக்கனைப் படிச்ச குத்தம்

இன்னைக்கு மத்தியானம் கரி எஞ்சின் பாசஞ்சர் வண்டியை ஓட்டிக்கிட்டு வந்து, காரைக்குடி தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷன்ல நிறுத்துனேன்.

எங்களுக்கு ஒத்தை லைன். அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் லைன் காலின்னு ஸ்டேஷன் மாஸ்டர் டோக்கன் கொடுத்தாத்தான் வண்டியை எடுக்கலாம். கொடுத்தாரு. அதுல பொறிச்சிருந்த ஊர்ப் பேரைப் படிச்சேன். வந்த வழிக்கு உள்ளது. வந்ததும் நான் ஒப்படைச்ச டோக்கனையே எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்காரு.

கரிக்கையோட இறங்கிப் போயி, "எதுத்தாப்புல வண்டி வந்தா என்ன செய்வீக சார்?"னு கத்துனேன்.

மனுசன் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. "நேத்துக் காலையில டூட்டிக்கு உக்காந்தேண்ணே. மாத்திவிட ஆளில்ல. ஓவர்டைம் பாருங்கிறாக. மூணு மாசமா இதே கதைதான்."



சரியான டோக்கனை வாங்கிக் கிளம்ப எட்டு நிமிசம் ஆச்சு. கடைசி ஸ்டேஷன்ல இறங்குனதும் கன்ட்ரோல் ஆபீசுல இருந்து போன். ஆள் போடாதவுகளுக்கு ஒரு கேள்வியும் இல்ல. எட்டு நிமிசம் ஏன் லேட்டுன்னு நான் விளக்கம் எழுதிக் கொடுக்கணுமாம்.

'எனக்குப் படிக்கத் தெரிஞ்சதுதான் காரணம்'னு எழுதட்டுமா? வேற ஏதும் தோணுச்சுன்னா சொல்லுங்க.