சித்தி பிடித்த கெண்டை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் ஊர்த் தடுப்பணையில் என்னைவிட நன்றாகத் தூண்டில் போடுகிறவர்கள் கிடையாது. சொந்தப் பெருமை என்று நினைப்பவர்கள் சோழவந்தான் பக்கம் வந்து விசாரித்துக்கொள்ளலாம். வைகையில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான் ஓடும். மேலே பெரிய அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் மூன்றாம் நாளிலிருந்து கெண்டை ஏறும். மயிலிறகுத் தண்டை நறுக்கித் தக்கை கட்டி, கோதுமை மாவைச் சின்னதாக உருட்டி முள்ளில் கோத்துப் போடுவேன். பையன்கள் ஆளுக்கு நாலு பிடிப்பதற்குள் என் தூக்குவாளியில் பத்து துள்ளிக்கொண்டிருக்கும்.

இந்தக் கீர்த்தியெல்லாம் வீட்டு வாசலோடு சரி. அம்மா இறந்து மூன்று வருஷம் கழித்து, அந்த ஆவணியில்தான் அப்பா எழுமலையிலிருந்து சித்தியைக் கல்யாணம் செய்து கூட்டிவந்திருந்தார். அப்பாவுக்கு அவனியாபுரத்தில் லேத் பட்டறையில் வேலை. முதல் பஸ்ஸில் போனால் பொழுதடைந்துதான் வருவார். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் நானும் சித்தியும்தான். சித்தி என்றால் எப்படியிருப்பாள் என்று தெருவே எனக்குச் சொல்லிவைத்திருந்தது. அதற்கு அவள் கொஞ்சமும் ஒத்துழைக்கவில்லை. திட்டவில்லை, அடிக்கவில்லை, சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. எனக்கு அதுவே கோபம். எந்த முறை சொல்லியும் கூப்பிடாமலே அவளிடம் காலம் தள்ளப் பழகியிருந்தேன். "பசிக்குது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னால் போதும், தட்டு வந்துவிடும்.

காலாண்டு விடுமுறையில் ஆற்றில் தண்ணீர் வந்தது. நான் தூண்டில் கம்புகளைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, சித்தியும் பின்னாலேயே வந்தாள். என்னைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப்போக வருகிறாள் என்று நினைத்தேன். அவளோ கரைக்கல்லில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஊரில் எல்லாம் மானாவாரிக் காடு. ஓடுகிற தண்ணீரை இம்புட்டுப் பக்கத்தில் அவள் பார்த்ததே இல்லையாம்.

"எனக்கும் ஒரு கம்பு குடு பாப்பா. நானும் போட்டுப் பாக்குறேன்."

இருந்ததிலேயே மோசமான, விரிசல் விட்ட கம்பைக் கொடுத்து, மீனே அண்டாத மணல்திட்டைக் காட்டிவிட்டேன். முள் முதலில் அவள் முந்தானையில் மாட்டியது, பிறகு கருவேலம்புதரில், கடைசியில் கட்டைவிரலில். இனி வரமாட்டாள் என்று நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள். அடுத்த நாளும் அப்படியே. தக்கை லேசாக அசைந்தாலே சடாரென்று கம்பைத் தூக்குவாள். வெறும் முள் மேலே வரும். மாவையெல்லாம் மீன்கள் மரியாதையாகத் தின்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

நான்காம் நாள் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஆடுறப்ப இழுக்கக் கூடாது! அது சும்மா மோந்து பாக்குது. தக்க முங்கி ஒரு பக்கமா ஓடும்ல, அப்பத்தான் இழுக்கணும்."

அவள் முகத்தைப் பார்த்து நான் பேசிய முதல் பேச்சு அது.

"சரிங்க டீச்சர்" என்றாள்.

டீச்சர் என்று சொன்ன பிறகு விரிசல் கம்பை அவள் கையில் விட்டுவைப்பது நியாயமாகப் படவில்லை. என்னுடைய நல்ல கம்பைக் கொடுத்தேன். யாருக்கும் காட்டாத இடத்துக்கும் கூட்டிப்போனேன். தடுப்பணையின் மதகு ஷட்டருக்குக் கீழே தண்ணீர் சுழித்துத் திரும்புகிற பள்ளம் அது. பெரிய கெண்டை தரையோடு தரையாக மேயும் என்பதால் ஈயக்குண்டு அடியில் போய் உட்காரும்படி தக்கையை ஏற்றிக் கட்டினேன்.

தக்கை ஒரு தரம் ஆடியது. சித்தி அசையவில்லை. மறுபடியும் ஆடியது. உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். மூன்றாவது தரம் தக்கையைக் காணோம்.

கம்பு வில்லாக வளைந்துவிட்டது. மீன் இழுத்த இழுப்பில் அவள் முழங்கால் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். பாசியில் கால் வழுக்க, நான் பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். "விட்டுறாதீக! விட்டுறாதீக!" என்று கத்தினேன். அவள் விடவில்லை. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து, மீனைக் கரையில் போட்டபோது எனக்கு மூச்சு வாங்கியது. முழங்கை நீளம். வாயோரத்தில் மெல்லிசாக மீசை. அதுவரை நான் பிடித்த எதுவும் அதில் பாதிகூட இல்லை. பொறாமை வரவேண்டிய இடத்தில் எனக்குப் பெருமைதான் பொங்கியது. பழக்கிவிட்டது நானல்லவா!

அதற்குள் மேலத்தெரு அண்ணன்கள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். தடுப்பணையே தங்கள் சொத்து என்ற நினைப்பு அவர்களுக்கு.

"யக்கா, நீங்க எந்தூரு? வெளியூருக்காரவுக இங்க தூண்டி போடக் கூடாது. மீன வச்சிட்டுப் போங்க."

சித்தி மீனைக் கீழே வைக்கக் குனிந்தேவிட்டாள். நான் நடுவில் போய் நின்றேன். அவர்கள் இடுப்பு உயரம்கூட இருந்திருக்க மாட்டேன்.

"யாரு வெளியூரு? இது எங்கம்மா! எங்க ஆத்துல எங்கம்மா புடிக்காம வேற யாரு புடிப்பா? போயி வேற வேல இருந்தாப் பாருங்க!"

எங்கள் வீட்டுக் கதை அவர்களுக்கும் தெரியும். ஏனோ திரும்பிப் போய்விட்டார்கள்.

மீனின் செவுளில் நாரைக் கோத்து நானே தூக்கிக்கொண்டேன். நேர்வழியில் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று பஸ் ஸ்டாப்பைச் சுற்றிக் கூட்டிப்போனேன். ஷேர் ஆட்டோக்காரர்கூட வண்டியை மெதுவாக்கி எட்டிப் பார்த்தார். நான் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விவரம் சொல்லிக்கொண்டே வந்தேன். சித்தி பின்னாலேயே வந்தாள். எங்கள் தெரு முக்கில்தான் நின்றாள்.

"அவங்ககிட்ட என்னமோ சொன்னியே, இன்னொருக்கா சொல்லு."

"போயி வேற வேல இருந்தாப் பாருங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி?"

"எங்க ஆத்துல நாங்கதான் புடிப்போம்னு சொன்னேன்."

 சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

ஷட்டர் பக்கத்தில் நின்றால் தண்ணீர் இரைச்சலில் பேசுவது ஒன்றும் கேட்காது. பாவம், அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். நாளைக்கு அவளைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைக்க வேண்டும் என்றும் முடிவுசெய்தேன்.