ஏழாம் அத்தியாயத்தில் ஒரு செருப்பு

நான் வாழும் ஸ்வீடனில் துணி துவைக்கக்கூட முன்பதிவு செய்ய வேண்டும். எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் எல்லா வீடுகளுக்கும் பொதுவாக ஒரு சலவை அறை இருக்கிறது. த்வெட்ஸ்டுகா என்பார்கள். பலகையில் நம் நேரத்தைக் குறித்துவிட்டால் மூன்று மணி நேரம் அந்த அறை நமக்கு மட்டும்தான். வீட்டில் பிள்ளைகள் போடும் சத்தத்தில் ஒரு வரி ஓடாது. ஆகவே அழுக்கில்லாத துணியையும் கூடையில் அள்ளிக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன். இயந்திரம் ஒருபக்கம் சுற்ற, துணி மடிக்கும் மேசையில் நோட்டை விரித்து எழுதுவேன். என் நாவலில் பாதிக்குமேல் அங்கே எழுதியதுதான். சட்டை வெளுத்த அளவுக்கு எழுத்து வெளுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஒருநாள் எனக்கு அடுத்த முறைக்காரரான இங்ரிட் என்ற மூதாட்டி சற்று முன்னதாகவே வந்து, என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். என் ஊரைப் பற்றி, அங்கே வீட்டுக்கு வீடு பட்டாசு செய்கிறவர்கள் என்று என் அரைகுறை ஸ்வீடிஷில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் வருடம் முழுக்கத் திருவிழாதான், கொடுத்துவைத்தவன் நீ என்கிற மாதிரி ஏதோ சொன்னார். எங்கள் நாரணாபுரத்தில் தீபாவளியன்று பாதிப்பேர் மாதக்கணக்கில் பட்டாசு செய்த அலுப்பில் அசந்து தூங்குவார்கள் என்று விளக்க என்னிடம் மொழி இல்லை. ஆமாம் என்று சிரித்துவைத்துவிட்டுத் துணியை அள்ளினேன்.

கவிதை எழுதும்போது நான் யாரையும் கேட்பதில்லை. பஸ்ஸில் போகையில் இரண்டு வரி வரும், வந்ததை எழுதிக்கொள்வேன். கதை அப்படி விடாது. கம்பெனி வேன் எத்தனை மணிக்கு வரும், ஓர் அறையில் எத்தனை பேர் உட்காரலாம் என்றெல்லாம் கேட்கும். ஊரைவிட்டு வந்து பதினான்கு வருடம் ஆனவனுக்கு அக்காதான் கதி. அக்கா பேச்சியம்மா சிவகாசிப் பக்கம் ஒரு கம்பெனியில் சரவெடி பின்னுகிறாள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் வாசித்து, குரல் பதிவாக வாட்ஸப்பில் அனுப்புவேன். அவள் வேலை முடிந்து வந்து, சோறு பொங்கிக்கொண்டே கேட்பாள். சீசன் நேரத்தில் எவள் இம்புட்டு நேரம் பேசிக்கொண்டு நிற்பாள் என்று கேட்டு ஒருமுறை முழுப் பக்கத்தையே காலி செய்தாள்.

ஏழாம் அத்தியாயம் அத்தானின் சாவு. அக்கா புருஷன் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். ஆறு வருடத்துக்கு முன் ஒரு காலையில் அந்த அறை வெடித்தது. அப்போது என் குடியிருப்பு அனுமதி புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. வெளியே போனால் திரும்ப முடியாமல் போகலாம் என்றார்கள். வருவது வரட்டும் என்று கிளம்பியிருக்கலாம். நான் கிளம்பவில்லை. சாவு வீட்டைச் சித்தப்பா மகன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக் காட்ட, இங்கே சமையலறையில் நின்று அழுதேன்.

நாவலில் அந்த வெடிப்புக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. காரணமில்லாமல் ஒரு மனிதன் செத்தால் வாசகர் நம்பமாட்டார் என்று என் படித்த புத்தி சொன்னது. மருந்து அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. அடியில் ஒட்டிய மணல் உரசினாலே போதும், தீப்பற்றிவிடும். என் கதையில் அந்த மனிதர் அவசரத்தில் செருப்போடு உள்ளே போய்விடுகிறார். எழுதி முடித்ததும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அன்றே வாசித்து அனுப்பினேன்.

நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் நானே அழைத்தேன். அக்கா அழவில்லை, ஏசவும் இல்லை.

"உங்க அத்தான் செருப்பை வேப்பமரத்தடியில கழத்திப் போட்டுட்டுத்தாம்லே உள்ள போனாக," என்றாள். "மறுநா நாந்தான் போயி எடுத்துட்டு வந்தேன். அவுக கவனக்குறைவுன்னு கம்பெனிக்காரக சொன்னாக, கேட்டுக்கிட்டேன். நீயும் அதையே எழுதி வச்சிருக்கியேலே."

விசாரிக்க வந்தவர்களிடம் அந்தச் செருப்பைப் பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டினாளாம். யாரும் எழுதிக்கொள்ளவில்லையாம். இத்தனை வருடம் இதை அவள் சொன்னதில்லை. வேன் வரும் நேரத்தைக் கேட்கத் தெரிந்த எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை. அவர்களாவது அத்தானை அறியாதவர்கள். நான் அவர் வாங்கித் தந்த பெட்டியோடு விமானம் ஏறியவன்.

அந்த வரிகளை இப்போதே அடித்துவிடுகிறேன் என்றேன். காரணமில்லாமல் அத்தியாயம் நொண்டும், நொண்டட்டும். பிறகு இன்னொரு பொய்யையும் நானே ஒப்புக்கொண்டேன். எங்கள் பக்கம் ஒருத்தியின் புருஷன் செத்தால், பிறந்த வீட்டுப் புதுச்சேலையை உடன்பிறந்தவன் கொண்டுவந்து அவள்மேல் போட வேண்டும். கோடி போடுவது என்போம். அன்று அதைச் செய்தது சித்தப்பா மகன். என் கதையிலோ தம்பி வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அக்காவுக்குக் கோடி போடுகிறான். அதையும் எடுத்துவிடுகிறேன் என்றேன்.



"அது கிடக்கட்டும்லே," என்றாள் அக்கா. "அங்கனயாவது நீ வந்ததா இருக்கட்டும்."

செருப்பை எடுத்துவிட்டேன். தம்பியை எடுக்கவில்லை. அன்று அந்த வீட்டில் கூடியிருந்த அத்தனை பேருக்கும் நான் வரவில்லை என்பது தெரியும். ஆனாலும் அந்தப் பக்கத்தில் அவன் அக்கா முன்னால் நிற்கிறான். அவனைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கிறது. கதைப்படி எட்டாம் அத்தியாயத்தில் அவன் ஸ்வீடனுக்குத் திரும்பியாக வேண்டும். நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். அவனை விமானம் ஏற்ற எனக்குக் கை வரவில்லை.