வெல்வெட் சட்டையில் ஒரு பொட்டு

எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது. ஊரில் பள்ளிக்கூடம் ஒழுங்காக நடக்காத காலம்; ஒன்பது வயதில் மொன்றியலுக்கு வந்தபிறகு பிரெஞ்சு வகுப்பையும் பாதியில் விட்டுவிட்டேன்; பேச்சு மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆனால் கதை சொல்வதில் என்னை ஒருவரும் முந்த முடியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். பேத்தியை கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்திலிருந்து கூட்டிவர இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது. அதற்குள் புரொபெசர் வீட்டுக் கதையை முடித்துவிட வேண்டும்.

அம்மா அப்போது கிழமைக்கு ஒருநாள் ஒரு யூதப் பெண்மணியின் வீட்டைத் துப்புரவாக்கப் போவார். அவர் பல்கலைக்கழகத்தில் கடவுளைப் பற்றிப் படிப்பிக்கிறவர். அம்மாவுக்கு பொன்ஜூரும் மெர்சியும் தவிர வேறொன்றும் வராது என்பதால் பள்ளி விடுமுறைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். நாங்கள் இருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் பஸ் ஏறினால் இருபது நிமிடம். அந்த வீட்டில் புத்தகம் இல்லாத இடம் குளியலறை மட்டும்தான். ஒருநாள் பார்த்தால் அங்கேயும் இரண்டு கிடந்தன.

“இவ்வளவு புத்தகத்தையும் வச்சு இந்த மனிசி என்ன செய்யுது? கேட்டுச் சொல்லு,” என்றார் அம்மா.

கேட்டேன். புரொபெசர் என்னைச் சின்னப்பிள்ளை என்று பாராமல், கதிரையைத் திருப்பிப்போட்டு இருந்து விளக்கினார். நான் அம்மாவிடம் சொன்னேன்:

“வேதத்துக்குள்ள இருந்த பொம்பிளையள் எங்க போயிட்டினம் எண்டு தேடுறாவாம்.”

“ஏன், துலைஞ்சு போச்சினமோ?”

“எழுதின ஆம்பிளையள் அவையின்ர பேரை எழுதாமல் விட்டிட்டினமாம். கடவுளையும் அப்பா எண்டும் ராசா எண்டும்தான் கும்பிடுவினமாம். அம்மா எண்டும் கூப்பிடலாம் எண்டு இவ ஒரு புத்தகம் எழுதினவவாம். அதுக்குச் சொந்தக்காரர் பாதிப்பேர் இவவோட கதைக்கிறேல்லையாம்.”

அம்மா தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டுச் சிரித்தார். “அம்மா எண்டு கூப்பிட ஒரு புத்தகமோ? எங்கடை சாமித்தட்டில பாதி அம்மன்தானே. சொல்லு அவவுக்கு.”

சொன்னேன். புரொபெசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதை ஒரு கொப்பியில் எழுதினார். என் அம்மா சொன்னதை, அவ்வளவு படித்த ஒருவர், பேனையை எடுத்து எழுதினார். அம்மா இன்னும் ஏதாவது சொல்லமாட்டாரா என்று பார்த்தேன். அவர் யன்னல் துடைக்கப் போய்விட்டார்.

புரொபெசருடைய படிக்கும் அறையில் ஒரு அலுமாரி. அதற்குள்தான் தோரா இருந்தது. அது அவர்களுடைய வேதம், இரண்டு மரத்தடிகளில் சுற்றிய பெரிய தோற்சுருள். அதற்கு வெள்ளை வெல்வெட்டில் சட்டை போட்டு நிமிர்த்தி வைத்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் பெண்கள் கூடி அதை எடுத்து வாசிப்பார்களாம். தான் சிறுமியாக இருந்தபோது, அவர்களுடைய கோயிலில் பெண்கள் இருக்கும் திரைக்குப் பின்னாலிருந்து அதைத் தொடக் கை நீட்டியதாகவும், தன் அப்பாவே அந்தக் கையைத் தட்டிவிட்டதாகவும் புரொபெசர் சொன்னார். பிறகு அதை முதல்முதலாகத் தூக்கும்போது அவருக்கு நாற்பது வயது ஆகியிருந்ததாம். ஒரு சுருளைத் தூக்க நாற்பது வருடமா என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

இனித்தான் விஷயம். மகள், “இப்பதான் தொடங்குறியளோ?” என்கிறாள்.

அந்தப் பனிக்காலம் புரொபெசர் வெளிப்படிக்கட்டில் வழுக்கி விழுந்து, வலது கை முறிந்து மாக்கட்டுப் போட்டிருந்தார். நாங்கள் போயிருந்த நாள் மேல்வீட்டுக் குழாய் வெடித்தது. கூரையில் ஒரு கறை படர்ந்து, நேரே அந்த அலுமாரியின் மேல் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. புரொபெசர் ஓடிப்போய் அலுமாரியைத் திறந்து, தூக்கு என்று அம்மாவுக்குக் கைகாட்டினார்.

அம்மா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நான் தொடப்படாது. எனக்குத் துடக்கு. சொல்லு.”

மாதத்தில் மூன்று நாள் அம்மா சாமித்தட்டுப் பக்கம் போகமாட்டார். அப்பாதான் விளக்குக் கொளுத்துவார். அது எனக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது, கேட்டால் குட்டுத்தான் விழும். ஆகவே, அம்மாவுக்கு இன்றைக்குச் சாமியைத் தொடக்கூடாத நாள் என்று பிரெஞ்சில் சொன்னேன். புரொபெசர் கூரையைப் பார்த்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அம்மா, இதை ஆர் தொட்டாலும் இதுக்குத் துடக்கு வராதாம். பழைய பெரியாக்களே அப்பிடித்தான் சொன்னவையாம்.”

“அவையின்ர சாமிக்கு ஒண்டும் வராது சரி. எனக்கு வந்தா?”

அதையும் சொன்னேன். புரொபெசர் தலையாட்டினார். விருப்பமில்லாவிட்டால் வேண்டாம், தானே பார்க்கிறேன் என்று, ஒற்றைக் கையால் சுருளை அணைத்து இழுத்தார். அது சரிந்தது. விழுந்தால் நாற்பது நாள் விரதம் இருக்கவேண்டிய பொருள் என்று பிறகுதான் அறிந்தோம். அம்மாவுக்கு அது தெரியாது. கட்டிலிலிருந்து உருளும் குழந்தையைப் பிடிக்கிற வேகத்தில் பாய்ந்தார்.

“விடுங்கோ, பிள்ளையை விழுத்தப்போறியள்!”

இரண்டு கைகளாலும் அள்ளி நெஞ்சோடு அணைத்து, தண்ணீர் படாமல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு நடந்தார். ஒழுகிய தண்ணீர் அவர் தலையில் விழுந்து நெற்றியால் இறங்கியது.

மேசையில் துணி விரித்துச் சுருளை அவிழ்த்து, எழுத்து ஊறியிருக்கிறதா என்று புரொபெசர் பார்த்துக்கொண்டே போனார். ஒரு தடியை அம்மாவும் மற்றத் தடியை நானும் பிடித்தோம். கறுப்பு எழுத்துகள், பத்தி பத்தியாக, முடிவே இல்லாமல். தொலைந்த பெண்கள் எங்கேயாவது இருக்கிறார்களா என்று நானும் குனிந்து தேடினேன். ஒருவரும் இல்லை. புரொபெசர் நிமிர்ந்து ஒன்று கேட்டார்.

“உங்கட அம்மனும் பொம்பிளைதானே, அவவுமோ உங்களை மூண்டு நாள் தள்ளி வைக்கிறா எண்டு கேக்கிறா, அம்மா.”

அம்மா, “அதை அம்மனிட்டத்தான் கேக்கவேணும்,” என்றார்.

எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சட்டையை எடுத்துப் பார்த்த அம்மாவின் முகம் செத்துப்போனது. வெள்ளை வெல்வெட்டின் நடுவில், நெற்றி அழுந்திய இடத்தில், குங்குமம் கரைந்து சிவப்பாக ஊறியிருந்தது.

அந்தக் கிழமை முழுக்க அம்மாவுக்கு நித்திரை இல்லை. துடக்கோடு தொட்டதை அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். எந்தக் கறையையும் எடுக்கத் தெரிந்த கை அவருடையது. அடுத்த முறை இரண்டு தேசிக்காயும் சோடாமாவும் கொண்டுபோய், சட்டையைத் தரச்சொல்லிக் கேட்கவைத்தார். புரொபெசர் அந்தச் சிவப்பின் மேல் இடது உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

“அது அங்கயே இருக்கட்டுமாம், அம்மா. சனிக்கிழமை எல்லாருக்கும் காட்டினவவாம்.”

அம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு தேசிக்காய்களைப் பையில் போட்டுக்கொண்டு தும்புத்தடியை எடுத்தார்.

ஐந்து பாஷை படித்தவருக்கு உடுப்புத் தோய்க்கத் தெரியவில்லையே என்று பஸ்ஸில் எனக்கு ஒரே கவலை. அம்மாவிடம் சொன்னேன். அவர் யன்னல் பக்கம் திரும்பித் தனக்குள் சிரித்தபடி வந்தார். அந்தத் தேசிக்காய்களில் வீட்டில் சர்பத் கரைத்துக் குடித்தோம். அடுத்த மாதம் அந்த மூன்று நாளில் ஒருநாள், அப்பா வேலையால் வருமுன் அம்மாவே விளக்குக் கொளுத்தினார். நாள் கணக்கை மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஏச்சு விழுமே என்று நானும் ஞாபகப்படுத்தவில்லை.