ஜெராக்ஸ் அக்கா கொடுத்த மணி பிளான்ட்

தெருமுனையில் கடை வைத்திருந்த ஜெராக்ஸ் அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணப் பேச்சு எடுத்தால், "ரெண்டு மெஷினோட மாரடிக்கிறதே போதும்" என்பார். கடைக்குள் பழைய பாட்டில்களில் மணி பிளான்ட் வளர்த்தார். நகல் எடுக்க வருகிறவர்கள் "நல்லா வந்திருக்கே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உடனே ஒரு துண்டு வெட்டி, ஈரத்தாளில் சுற்றிக் கையில் திணித்துவிடுவார். அந்தத் தெருவில் அவர் கொடி ஏறாத வீடு குறைவு.

தம்பிக்கு வேலை மாற்றலானபோது அவன் வளர்த்த நாய் அக்காவிடம் வந்து சேர்ந்தது. நாளெல்லாம் மேஜைக்கடியில் கால் நீட்டிப் படுத்து, வருகிறவர்களை அரைக்கண்ணால் பார்க்கும். அதனால் அதற்கு 'மேனேஜர்' என்று பெயராயிற்று.

மூன்றாம் வாரம், ஒரு மதியம், மேனேஜருக்கு எச்சில் ஒழுக ஆரம்பித்தது. முகத்தைத் தரையில் தேய்த்தது, வாயைப் பிறாண்டியது, வாந்தி எடுத்தது. வாந்தியில் இலைத்துண்டுகள் கிடந்தன. அக்கா காத்திருந்தவர்களிடம் "கோச்சுக்காதீங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்லி ஷட்டரை இழுத்தார். கடிபட்ட இலையைத் தாளில் மடித்துக்கொண்டு, நாயைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார்.

"மணி பிளான்ட்தான். இலைக்குள்ள பொடிப்பொடியா ஊசி மாதிரி இருக்கும்மா, கண்ணுக்குத் தெரியாது. மென்னா வாயெல்லாம் குத்தும்" என்றார் டாக்டரம்மா, நாயின் வாயைக் கழுவிக்கொண்டே.

"உயிருக்கு ஒண்ணும் ஆகாதே?"

"பெரும்பாலும் ஆகாது, எரிச்சல் அடங்கிடும். ஆனா தொண்டை வீங்கினாலோ மூச்சு விடத் திணறினாலோ உடனே கொண்டாங்க. செடியை எட்டாத இடத்துல வைங்க."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் வீட்டுக்குப் பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டார். எத்தனை வீட்டுக்குக் கொடுத்திருக்கிறோம்!

மறுநாள் காலை முதல் வேலையாக ஒரு தாளில் எழுதி, நாற்பது நகல் எடுத்தார். "நான் கொடுத்த மணி பிளான்ட்டை நாய் மென்றால் வாய் எரியும், வாந்தி வரும். உயரத்தில் வையுங்கள். தெரியாமல் கொடுத்துவிட்டேன்." வீடு வீடாகப் போனார்.

"எங்க நாய் செருப்பையே தின்னு செரிச்சிருக்கு" என்று ஒருவர் சிரித்தார்.

"செருப்புல ஊசி இல்லீங்க" என்று சொல்லி, அவர் கண்முன்னாலேயே பாட்டிலை அலமாரி மேல் ஏற்றிவிட்டுத்தான் அக்கா நகர்ந்தார்.

தையல்காரர் வீட்டுக் கிழநாய் மூலையில் சுருண்டு கிடந்தது.

"வயசாயிடுச்சுக்கா. பத்து நாளா சரியா சாப்பிடல, எச்சி ஒழுகுது. நாங்க மனசத் தேத்திக்கிட்டோம்."

அக்கா தையல் மிஷினுக்குப் பக்கத்தில் பார்த்தார். பாட்டில் தரையில் இருந்தது. கீழ் இலைகள் அத்தனையும் கடிபட்டிருந்தன.

"வயசு இல்லீங்க, நான் கொடுத்த செடிதான். என்னை நல்லாத் திட்டிடுங்க."

தையல்காரர் திட்டவில்லை. பாட்டிலை ஜன்னல் மேல் வைத்தார், அன்றே நாயை டாக்டரிடம் காட்டினார். ஐந்தாம் நாள் கடைக்கு வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"தட்டைக் காலி பண்ணிட்டு, என் அளவு டேப்பத் தூக்கிக்கிட்டு ஓடுதுக்கா! துரத்த என்னால முடியல."

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மணி பிளான்ட்டுக்குப் பதிலாக டாக்டரம்மா சொன்ன சிலந்திச் செடியின், அதாவது ஸ்பைடர் பிளான்ட்டின், கன்று ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இத மென்னா?" என்றார் தையல்காரர்.

"பயமில்ல. இந்தத் தடவ கேட்டுட்டுத்தான் கொடுக்கறேன்."