பூத்திரை தின்ற பிட்டுகள்

என் வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல பட்டப்பேர் பராக்கு. இன்டர்நெட் கம்பெனியில, நொடிக்கு எத்தனை பிட் தகவல் கம்பியில ஓடுதுன்னு காட்டுற பச்சைக் கோட்டையே பார்த்துக்கிட்டிருக்கிற வேலை. கோடு உசந்தா, ஊரே படம் பார்க்குதுன்னு தனக்குள்ள சிரிச்சுக்குவார். தாழ்ந்தா, எல்லாரும் தூங்கப் போயிட்டாங்கன்னு அவருக்கும் கண்ணு சொக்கும். வீட்டுலயும் அதே கதைதான். அடுப்புல பால் பொங்கி வழியும், மனுஷன் ஜன்னல்ல மேகம் பார்த்துக்கிட்டு நிப்பார். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

என் தங்கச்சிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கையாலதான் பேசுவா. அவ புருஷன் கப்பல்ல சமையல்காரர். அவளுக்காகவே கைப்பேச்சு கத்துக்கிட்டவர். இன்னும் ஒரு வருஷம் கப்பல்லயே இருக்கட்டுமான்னு அவர் கேட்டு எழுதினப்ப, இவ ரோஷத்துல "உங்க இஷ்டம்"னு எழுதிட்டா. அவரும் அதை அப்படியே எடுத்துக்கிட்டார். அன்னிக்குச் சாயங்காலம் அவர் கேப்டன்கிட்ட முடிவு சொல்லியாகணும்.

"'வா'ன்னு எழுதிப் போடேன்டி"ன்னு கையை ஆட்டினேன்.

"எழுதித்தானே கெட்டுது அக்கா. நான் கேட்கிறதை அவர் கண்ணால பார்க்கணும்"னா.

வீடியோ காலுக்கு ஏற்பாடு பண்ண பராக்கு களத்துல இறங்கினார். "படம் பளிச்சுன்னு இருக்கணும்"னு பூப்போட்ட புதுத் திரைச்சீலையை அவளுக்குப் பின்னால மாட்டி, ஃபேனைப் போட்டு, படத்தோட தரத்தை உச்சத்துல வச்சார். கால் வந்தது. தங்கச்சி கை விறுவிறுன்னு பேசுச்சு. அந்தப் பக்கத்துல மங்கலா ஒரு உருவம், 'புரியலை, உன் கை நின்னு நின்னு வருது'ன்னு கையை விரிச்சுது. மறுபடி சொன்னா. மறுபடியும் அதேதான். அவ கண்ணு கலங்கிடுச்சு.

"ஏங்க, ஏதாவது பண்ணுங்க!"ன்னு கத்தினேன். இவரோ வாயைப் பிளந்துக்கிட்டுத் திரைச்சீலையைப் பார்த்துக்கிட்டிருந்தார். காத்துல பூவெல்லாம் மிதந்துக்கிட்டிருந்துச்சு.

"இத்தனை பூவும் சேர்ந்துல்ல கப்பலுக்குப் போகுது"ன்னார் மெதுவா. "ஆட ஆட ஒவ்வொரு பூவையும் புதுசா அனுப்பணும். கப்பல் லைன்ல நொடிக்குக் கொஞ்சம் பிட்தான் போகும். பூவே எல்லாத்தையும் தின்னுட்டா கைக்கு என்ன மிஞ்சும்? அவன் படம் மங்கல்தான், ஆனா கை ஓடுது பாரு."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன!" ஒரே இழுப்புல திரைச்சீலையைக் கழட்டிப் போட்டேன். ஃபேன் நின்னுது. பின்னால வெறும் சுவர். இவர் படத்தோட தரத்தை அடியில இறக்கினார்.

தங்கச்சி கண்ணைத் துடைச்சுக்கிட்டு மறுபடி கையால சொன்னா. 'இஷ்டம்னு எழுதினது பொய். எனக்கு நீங்க வேணும். வந்துடுங்க.'

அந்த மங்கல் உருவத்துல கண்ணும் தெரியலை, மூக்கும் தெரியலை. கை மட்டும் எழுந்துச்சு. 'வர்றே...'னு ஆரம்பிச்சு அப்படியே நின்னுது. மறுபடி எழுந்து, மறுபடி நின்னுது.

"ஐயோ, லைன் போச்சே!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்.

இவர் ஸ்க்ரீன் ஓரத்துல, ஆபீஸ்ல மாதிரியே ஓடுற பச்சைக் கோட்டைப் பார்த்தார்.

"லைன் நல்லா ஓடுதும்மா"ன்னார். "நிக்கிறது அவன் கை."