மூர்மான்ஸ்க் போய் வந்த ஏடு

கயிற்றின் நுனி வலது கையில். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து ஒரு பாகம் அளந்ததும் பர்கத்துல்லா நிறுத்துகிறார். "இங்கனதான் மொதக் குண்டு விழுந்துச்சு." இன்னொரு பாகம். "இது ரெண்டாவது." எதிரே நிற்கும் ராஜரத்தினம் த்வாண்டே கால்வாயில் மூன்று படகு ஓட்டுபவர். முகத்தில் திகிலை வரவழைத்துக்கொண்டு, "அய்யய்யோ, அப்பறம் என்னா பாய்?" என்கிறார். அவர் கண் கயிற்றில்தான் இருக்கிறது. சும்மா அளக்கும்போது பர்கத்துல்லாவின் பாகம் ஐந்தடியைத் தாண்டாது. கதை சொல்லும்போது கைகள் தாமாகவே நீண்டு ஆறடியைத் தொட்டுவிடும். கியாக்தான் ஊர் மீனவர்களுக்கும் இது தெரியும். ஆகவே யாங்கோன் நகரின் லத்தா பகுதியில் உள்ள அந்தக் கயிற்றுக் கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன் ரஷ்யக் கதையைக் கேட்கிறார்கள்.

பர்மியர்கள் அவரை 'ஊ ரூஷா', அதாவது ரஷ்யா ஐயா, என்று மரியாதையாகவே அழைக்கிறார்கள். எழுபது வயது. கட்டம் போட்ட லுங்கி, முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை. நைலான் நுனியைத் தீக்குச்சியில் உருக்கி, முகர்ந்து பார்த்தே ரகம் சொல்லிவிடுவார். மட்டமான சரக்கை நல்லது என்று விற்றதே இல்லை. ஒரு வாடிக்கையாளர் முடிச்சின் பெயரைத் தப்பாகச் சொன்னால் திருத்திவிட்டுத்தான் சரக்கை எடுப்பார்.

நீல அட்டை போட்ட அந்த ஏடு கல்லாவுக்கு மேல் பச்சைத் துணியில் சுற்றி இருக்கிறது. அவருடைய வாப்பா கலந்தர், 1942இல் ரஷ்யாவின் மூர்மான்ஸ்க் துறைமுகத்துக்குப் போர்க்கப்பல்களின் காவலோடு சென்ற ஒரு சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். அந்தப் பயணத்தின் நினைவாக அவர் எழுதிக் கொண்டுவந்தது. மகன் சொல்கிறபடி, வாப்பா பீரங்கிக்காரர். பத்து வருடங்களுக்கு முன் அவர் மூழ்கடித்த நீர்மூழ்கிகள் இரண்டு. இப்போது ஐந்து. யாராவது புருவத்தை உயர்த்தினால் பர்கத்துல்லா மேலே கையைக் காட்டுவார்: "ஏட்டுல இருக்கு."

ஏட்டில் இருப்பது அரபுத்தமிழ், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ். அந்தத் தெருவில் அதைப் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. பர்கத்துல்லா படித்தும் எவரும் பார்த்ததில்லை. ஏதாவது ஒரு வரியைத் தொட்டு இது என்னவென்று கேட்டால், "அது துவா. வுளு இல்லாம தொடாதிய" என்று, கைகால் கழுவிச் சுத்தமாகாமல் பிரார்த்தனையைத் தொட்டுவிட்டது போல விரலைத் தள்ளிவிடுவார். உள்ளே ஒரு ரஷ்யச் சீட்டு ஒட்டியிருக்கிறது. ரஷ்ய அரசாங்கம் கொடுத்த வீரப் பத்திரம் என்பார். அங்கே படித்துவிட்டு வந்த ஒரு பொறியாளர் பார்த்து, "இது பொதுக் குளியலறைச் சீட்டு" என்றார். "அந்தக் குளிருல குளிக்கிறது வீரம் இல்லாம என்னா?" என்று பர்கத்துல்லா கேட்டார்.

இப்படிப்பட்ட வீரத்துக்குத்தான் சென்ற மாதம் ஆபத்து வந்தது. மகள் ஸமீராவுக்கு மூன்றாவது சம்பந்தம். முதல் இரண்டு வீட்டாரும் கதை கேட்டே களைத்துப் போனவர்கள். இந்தப் பையன் நிஹாலை ஸமீராவுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. அவனுக்கு இருபத்தாறு வயது. பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிற காலத்தில், இருபத்தாறு வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் வீரம் என்பது நல்ல சொல் இல்லை. அவனுடைய தாய் உம்மு சல்மா சொல்லி அனுப்பியிருந்தார்: "சண்டைக்கார வூட்டுல பொண்ணு எடுத்தா எம்மவனுக்கும் அந்தப் புத்தி வந்துரும். ஒரு தடவ வந்து பாக்குறேன். அப்பறம் சொல்றேன்."

"இன்னிக்கி ஒரு நாளு மட்டும் ஏட்டத் தொறக்காதிய வாப்பா," என்றாள் ஸமீரா. "இதும் போச்சுன்னா நான் உங்ககூட ஒக்காந்து கயிறுதான் அளக்கணும்."

"நான் ஏன் தொறக்கப் போறேன்?"

உம்மு சல்மா வந்து உட்கார்ந்து, அவர் கோப்பையில் லப்பெயே தேநீர் ஆறுவதற்குள் பர்கத்துல்லா ஏட்டைத் திறந்துவிட்டார்.

"வாப்பா பீரங்கிகிட்ட நின்னாஹ தங்கச்சி, மேல பிளேன் வருது, கீழ..."

"குடுங்க காக்கா, பாப்போம்," என்று அந்த அம்மாள் கையை நீட்டினார். அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் கடற்கரைக் குடும்பம்.

"அது துவா தங்கச்சி, வுளு இல்லாம..."

"வுளுவோடதான் வந்திருக்கேன்."

பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவர் அவர். அவருடைய தாய் அரபுத்தமிழிலேயே கடிதம் எழுதியவராம். இது பர்கத்துல்லாவுக்குத் தெரியாது. உம்மு சல்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்:

"'இன்றைக்கும் முட்டைக்கோசு. எங்கள் சாரங்கு ஒரு கழுதை.'" சாரங்கு என்றால் கப்பலாட்களின் மேஸ்திரி. உம்மு சல்மா பக்கத்தைத் திருப்பினார். "'பீரங்கிச் சத்தத்தில் கை நடுங்கி, கஞ்சியில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. சாரங்கு அறைந்தான்.' ஏன் காக்கா, வாப்பா கப்பல்ல சமையலா?"

பர்கத்துல்லா தொப்பியைக் கழற்றித் தட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். வாசற்படியில் பிஸ்கட் தட்டோடு வந்த ஸமீரா அங்கேயே நின்றுவிட்டாள். அடுத்த பக்கத்தில் மை தேய்ந்திருந்தது. உம்மு சல்மா எழுத்துக் கூட்டினார்:

"'மேலே விமானம். எல்லாரும் தளத்துக்கு ஓடினார்கள். நான் கி... கிடங்குக்குள்ளே ஒளிந்துகொண்டேன். அல்ஹம்துலில்லாஹ், யாரும் தேடவில்லை.'"

உம்மு சல்மா கண்ணாடியைக் கழற்றினார். வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஒளிஞ்சிட்டாஹளா! அதான் உசுரோட ஊரு திரும்பியிருக்காஹ. இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா காக்கா? பீரங்கி, பீரங்கின்னு ஊரெல்லாம் பயம் காட்டி வச்சிருக்கிய! இந்தக் காலத்துக்கு இப்புடி ஒரு வூடுதான் வேணும். எம்மவனுக்கும் யாராச்சும் இதச் சொல்லிக் குடுக்கணும்ல." வாசற்பக்கம் திரும்பினார். "ஏன் மவளே அங்கேயே நிக்கிறே? இங்க வா, பக்கத்துல ஒக்காரு."

சம்பந்தம் முடிந்தது. ஐந்து நீர்மூழ்கிகளும் மறுபடி மேலே வந்து, சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தன. பர்கத்துல்லா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஸமீராவின் கண்கள் அதைத்தான் கெஞ்சின. கப்பல் கிடங்கில் ஒளிந்தார் என்பதில் மிச்சசொச்சம் ஒரு கௌரவமும் இருந்தது. அவர் பொறுத்துப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். முடியவில்லை.

"கிடங்கு இல்ல தங்கச்சி," என்றார். "கிழங்கு. உருளக்கிழங்கு மூட்டைக்குள்ள."

உம்மு சல்மாவின் மடியில் விரிந்திருந்த ஏட்டின் மேல், குனிந்து பார்க்காமலே கையை நீட்டி, மேலிருந்து நான்காம் வரியில் அந்தச் சொல்லின் மீது விரலை வைத்தார்.